அம்மாவின் நேரம் யாருக்குச் சொந்தம்?



"பிள்ளைகளைக் கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தில் வளர்ப்பது எப்படின்னு நம்ம செய்தி மடலுக்கு எழுதித் தாங்கம்மா" என்று பாஸ்டர் ஐயா என்னிடம் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நாங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எனக்கு ஏதோ இரகசியம் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையாகவே சொல்கிறேன், அப்படி ஒன்றும் இல்லை. மூன்று மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ஆவியானவர் என்னையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஆகவே ஐயா கேட்டதை விட்டுவிட்டு, எனக்குள்ளே நான்கு வருஷமாக நடக்கிற ஒரு போராட்டத்தை எழுதுகிறேன். ஐயா மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி இதுதான்: ஒரு தாய், அதிலும் நாள் முழுக்கப் பிள்ளைகளோடே இருக்க வேண்டிய தாய், தனக்கென்று ஒரு புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தால் அது திருட்டா?

எங்கள் வீட்டு நாளைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் கேள்வியின் பாரம் புரியும். நாலரை மணிக்கு எழுந்து ஜெபம். ஐந்தரைக்கு அடுப்பு. அவர் ஏழேகாலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், கையில் டிபன் பாக்ஸ் இருக்க வேண்டும். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம், ஒன்பதுக்குப் பாடம். மூத்தவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது நடுவானவன் பென்சில் சீவப் போனவன் திரும்பி வந்திருக்க மாட்டான். அவனைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தால் சின்னவள் மாவுப் பாத்திரத்தில் கையை விட்டிருப்பாள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். மாமியாருக்கு மாத்திரை. மத்தியானம் தமிழ், ஆங்கிலம். சாயங்காலம் துணி மடிப்பது, மறுபடியும் அடுப்பு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், செவ்வாய் வீட்டுக் கூட்டம். இதில் எனக்கென்று உள்ள நேரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

(ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்பது வேறு கதை. மூத்தவளுக்கு உடம்பு சரியில்லாமல் போன வருஷம் ஆரம்பித்தது, அப்படியே தொடர்ந்துவிட்டது. பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.)

ஆனாலும் நான் வாசித்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாசிப்பு ஒரு பசி. கிளை நூலகத்தில் உறுப்பினராகி, ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம் எடுத்து வருவேன். கலியாணத்துக்கு முன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகள் வந்த பிறகு, புத்தகத்தைத் திறந்தாலே எனக்குள் ஏதோ குற்றவாளி மாதிரி இருக்கும். வேடிக்கை என்னவென்றால், சமையலறையில் நின்று அரை மணி நேரம் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "ஏதோ வேலையா பார்க்கிறா" என்று விட்டுவிடுவார்கள். ஒரு புத்தகத்தை விரித்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால், "சும்மாதானே உக்காந்திருக்கே, இதை எடுத்துக் குடு" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். நம் வீடுகளில் வாசிக்கிற பெண் சும்மா இருக்கிற பெண்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இப்போதும் முகம் சுருங்குகிறது. என் வேதாகமத்துக்கு ஜிப் வைத்த கறுப்பு உறை உண்டு, உங்களில் பலரிடம் இருப்பது போன்றதுதான். வேதாகமத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த உறைக்குள் நூலகப் புத்தகத்தைச் சொருகிக்கொள்வேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதி திறந்த உறைக்குள் வாசிப்பேன். பிள்ளைகள் கூப்பிட்டால், "அம்மா வேதம் வாசிக்கிறேன், தொந்தரவு பண்ணாதீங்க" என்பேன். அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. மாமியார்கூட சத்தம் போடாமல் நடப்பார்கள். உள்ளே இருந்தது ஒரு நாவல். அழுக்கான நாவல் இல்லை, நல்ல நாவல்தான். அதனால் பாவம் குறைந்துவிடுமா?

நான்கு வருஷத்துக்கு முன் ஒருநாள் மூத்தவளிடம் பத்துக் கணக்கு கொடுத்துவிட்டுப் போனேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. அரை மணி நேரம் கழித்து, "என்னம்மா பண்றே?" என்றேன். "கணக்குதாம்மா போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கணக்கு நோட்டுக்குள் ஒரு கதைப் புத்தகம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "பொய் சொல்லவா உனக்கு வீட்டிலேயே வெச்சு சொல்லித் தரேன்?" என்று கையை ஓங்கிவிட்டேன். அவள் பயந்து, அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க மட்டும் பைபிள் உறைக்குள்ள வெச்சுப் படிக்கிறீங்களேம்மா."

ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. சகோதரிகளே, ஆகான் பாபிலோனிய சால்வையைத் தன் கூடாரத்தின் நடுவே பூமிக்குள் புதைத்து வைத்தான் என்று யோசுவா 7-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்றைக்கு என் கூடாரத்தின் தரை தோண்டப்பட்டது. தோண்டினவள் என் பத்து வயதுப் பிள்ளை.

அன்று இரவு நான் தூங்கவில்லை. முதலில் எனக்கு வந்த எண்ணம், "இனிமேல் வாசிப்பையே விட்டுவிடுகிறேன் ஆண்டவரே" என்பதுதான். பொருத்தனையே பண்ணியிருப்பேன். ஆனால் ஜெபத்தில் இருக்க இருக்க, நான் எந்தப் பாவத்துக்காக அழுகிறேன் என்று ஒரு கேள்வி உள்ளே எழும்பிற்று. வாசித்தது பாவமா? ஒளித்தது பாவமா? நான் அந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடப் பார்த்தேன். அப்படித் தூக்கிப் போட்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய ஒப்புக்கொடுத்தலாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒளிக்கிற குணம் உள்ளேயே இருந்திருக்கும், நாளைக்கு வேறு எதையாவது ஒளித்திருக்கும்.

நான் ஒளித்தது ஏன்? ஒரு நல்ல தாய்க்குத் தனக்கென்று ஒரு ஆசையும் இருக்கக்கூடாது என்று நான் நம்பினேன். எனக்கோ ஆசை இருந்தது. ஆசையையும் விட முடியவில்லை, நல்ல தாய் என்கிற பெயரையும் விட முடியவில்லை. இரண்டையும் காப்பாற்றக் கர்த்தருடைய வேதத்தை மூடியாகப் பயன்படுத்தினேன். அவருடைய நாமத்தை வீணாக வழங்கக்கூடாது என்ற கற்பனையை நான் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! வேதம் என்பது மற்றவர்கள் நம்மைத் தொந்தரவு பண்ணாதபடி பிடித்துக்கொள்கிற ஒரு பொருள் என்று நான் என் மகளுக்குக் காட்டிவிட்டேன். அவள் அந்தப் பாடத்தைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள், பின்னக் கணக்கை அல்ல.

மறுநாள் காலை குடும்ப ஜெபத்தில் மூன்று பிள்ளைகள் முன்பாகவும் நடந்ததைச் சொல்லி, மூத்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "பெத்தவ பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டா அதுக்குப் பயம் விட்டுப் போயிடும்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. மகளுக்குக் கொஞ்ச நாள் குளிர் விட்டுத்தான் போயிற்று.

ஆனால் முதல் கேள்வி தீரவில்லை. ஒளிக்காமல் வாசித்தால் மட்டும் சரியா? அந்த நேரம் என்னுடையதா?

வாசிக்கிற தாய்மார் சொல்கிற ஒரு வாதம் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். "என் பாத்திரம் நிரம்பினால்தானே பிள்ளைகளுக்கு ஊற்ற முடியும்?" நீதிமொழிகள் 31-ம் அதிகாரத்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் விளக்கு இரவிலும் அணையாது என்பதையும், இருட்டோடே எழுந்திருக்கிறாள் என்பதையும் கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு பிரசங்கத்தில் கேட்கிறோம். 26-ம் வசனத்தில் அவள் ஞானத்தோடே வாயைத் திறக்கிறாள் என்றும் இருக்கிறதே. ஞானம் மாவு மாதிரி அரைத்தால் வந்துவிடுமா? அந்த அதிகாரமே, முதல் வசனத்தைப் பாருங்கள், ஒரு தாய் தன் மகனாகிய ராஜாவுக்குப் போதித்த உபதேசம். நம் பாஷையில் சொன்னால் வீட்டுப் பாடம்.

பண்டித ரமாபாய் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1858-ல் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் போய்ச் சமஸ்கிருதம் கற்கவில்லை. பெண்ணுக்குச் சமஸ்கிருதமா என்று பண்டிதர்கள் எதிர்த்த காலத்தில் அவருடைய தகப்பனார் தன் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். லட்சுமிபாய், வீட்டு வேலை தொடங்குமுன் விடியாத இருட்டில் மகளை எழுப்பி உட்கார வைத்துக் கற்பித்தார். அந்த மகள்தான் பிற்காலத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவ்னில் முக்தி மிஷனை நடத்தினார். 1905-ல் அங்கே ஊற்றப்பட்ட எழுப்புதலை நம் பெந்தெகொஸ்தே சபைகள் இன்றும் சாட்சியாகச் சொல்கின்றன. எபிரெயமும் கிரேக்கமும் படித்து, முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்து முடித்துத்தான் 1922-ல் கண் மூடினார். தாய் தான் கற்றிருந்ததால் மகளுக்குக் கொடுக்க முடிந்தது. அல்லேலூயா!

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும்போது என் மனச்சாட்சி ஒத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் நான் அன்றைக்கு ஜன்னலோரம் வாசித்தது பிள்ளைகளுக்கு ஊற்றுவதற்காக அல்ல. தப்பித்துக்கொள்வதற்காக. ஒரு மணி நேரமாவது என்னை யாரும் அம்மா என்று கூப்பிடாத ஒரு ஊரில் இருக்க ஆசைப்பட்டேன். இதை எழுதலாமா என்று ஜெபித்துத்தான் எழுதுகிறேன். வாசிக்கிற தாய்மாரில் யாராவது ஒருவர், "நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேனே" என்று கண் கலங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படித் தப்பித்துப் போக நினைப்பது பாவமா? மாற்கு 6-ம் அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஐந்து அப்பம் இரண்டு மீன் என்றுதான் ஞாபகம் இருக்கும். இந்தப் போராட்டத்தில்தான் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வருகிறவர்களும் போகிறவர்களுமாய் இருந்ததால் சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. (நம் வீடு மாதிரியே!) ஆண்டவர் சீஷர்களைப் பார்த்து, தனியே ஒரு இடத்துக்குப் போய்க் கொஞ்சம் இளைப்பாறலாம் என்கிறார். அவரே சொல்கிறார். ஆகையால் இளைப்பாற நினைப்பது திருட்டு அல்ல. படகில் போகிறார்கள். ஜனங்களோ கால்நடையாய் ஓடி முந்திப் போய் அங்கே நிற்கிறார்கள்! கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் கதவுக்குக் கீழே நாலு விரல் தெரியுமே, அது போல. அவர் என்ன செய்தார்? எரிந்து விழவில்லை. மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப் போல் இருக்கிறார்கள் என்று மனதுருகி, அநேக காரியங்களை உபதேசித்தார். போஜனமும் கொடுத்தார்.

இங்கேயே நிறுத்தி, "பார்த்தீர்களா, ஆண்டவர் ஓய்வை விட்டுக்கொடுத்தார், தாய்மாரே நீங்களும் விட்டுக்கொடுங்கள்" என்று பிரசங்கம் பண்ணிவிடுவோம். ஆனால் 45, 46-ம் வசனங்களையும் வாசியுங்கள். சீஷர்களைப் படகில் ஏற்றி அனுப்பினார், ஜனங்களையும் அனுப்பிவிட்டார், தான் மலைக்கு ஏறிப் போனார். எதற்காக? ஜெபிப்பதற்காக. அவர் போனதை நான் நாவல் வாசிப்பதோடு ஒன்றாக வைக்கவில்லை, ஆண்டவர் மன்னிப்பாராக. என்றாலும் ஜனங்களை அனுப்பி வைத்தாரே! வந்தவர்களை நேசித்தார், அனுப்பவும் செய்தார். தேடிப் போன தனிமையை அவர் மறந்துவிடவில்லை.

இதை வாசித்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது. அதே நாளில் இன்னொரு கல் ஏறவும் செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப் புழுவை நடுவானவன் கண்டுபிடித்திருந்தான். அது கூடு கட்டினது. தினமும் காலையில் போய்ப் பார்த்து நோட்டில் தேதி போட்டு படம் வரைவான். அதுதான் அவனுக்கு அறிவியல் பாடம். பத்து நாளுக்கு மேல் காத்திருந்தோம். ஒருநாள் நான் கூடத்தில், மறைவாக அல்ல, எல்லோரும் பார்க்க, வாசித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, வாங்க, சீக்கிரம் வாங்க!" என்றான். "இதோ வரேன்டா" என்றேன். கடைசி ஐந்து பக்கம். மறுபடியும் கூப்பிட்டான். "வரேன்னு சொன்னேன்ல!" மூன்றாவது தடவை அவன் கூப்பிடவில்லை. நான் போனபோது கூடு காலியாக இருந்தது. வண்ணத்துப்பூச்சி ஈரச் சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தது. "வெளிய வந்து முடிஞ்சிருச்சும்மா" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

அன்று நான் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் வெளிச்சத்தில்தான் நடந்தது. ஆனாலும் ஒரு காரியம் திருடப்பட்டுவிட்டது. ஆகவே சகோதரிகளே, ஒளிக்காமல் செய்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல முடியாது. எந்தக் கூப்பிடுதல் பென்சிலைக் காணோம் என்கிற கூப்பிடுதல், எந்தக் கூப்பிடுதல் கூடு உடைகிற கூப்பிடுதல் என்று குரலிலேயே தெரிந்துகொள்கிற காது வேண்டும். அதற்காக இன்றும் ஜெபிக்கிறேன். சில நாள் தெரிகிறது. சில நாள் தவறுகிறது.

இதற்குள் நூலகப் புத்தகம் எங்கள் வீட்டில் மேஜை மேலேயே கிடக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக் கூட்டத்துக்கு வந்த ஒரு மூத்த சகோதரி அதைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே அழைத்து, "எபேசுவில விசுவாசிகள் புஸ்தகத்தையெல்லாம் கொண்டுவந்து சுட்டெரிச்சாங்களேம்மா, நீ மேஜை மேல வெச்சு ஆராதிக்கிறியே" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். என்னுடைய பிரசவத்தின்போது பத்து நாள் வந்து சமைத்துப் போட்டவர்கள் அவர்கள். அதனால் அந்த வார்த்தையைத் தட்டிவிட முடியவில்லை. அப்போஸ்தலர் 19-ஐ எடுத்து வாசித்தேன். அவர்கள் எரித்தது மாய வித்தைப் புத்தகங்கள். விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஆனால் எரிப்பதற்கு முந்தின வசனத்தில், விசுவாசித்தவர்கள் வந்து தங்கள் செய்கைகளை வெளிப்படுத்தி அறிக்கையிட்டார்கள் என்றிருக்கிறது. முதலில் ஒளித்தது வெளியே வந்தது, பிறகுதான் நெருப்பு. எதை எரிக்க வேண்டும் என்பது வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? அதே பவுல்தான் அத்தேனேயில் புறஜாதிக் கவிஞருடைய வார்த்தையை எடுத்துப் பேசினார். அதே பவுல்தான் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும் எடுத்துவரச் சொன்னார். சாவு கிட்டே இருக்கும்போது புத்தகம் கேட்கிறார்!

ஆனாலும் அந்தச் சகோதரி சொன்னதில் பாதி சரி. மேஜை மேல் வைத்த பிறகு, இரண்டு புத்தகங்களை நானே பாதியில் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உறைக்குள் இருந்தால் கடைசிவரை வாசித்திருப்பேன். மகள் தாண்டிப் போகிற இடத்தில் விரித்து வைக்க முடியாத பக்கம் எது என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் சொல்ல ஆசைப்படுகிற முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். சூசன்னா வெஸ்லி அம்மையாரைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இருவருக்கும் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூர்ப் போதகரின் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்று, பத்துப் பேர்தான் பிழைத்தார்கள். வீட்டிலேயே பள்ளி நடத்தினார். காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம். ஐந்து வயதானதும் ஒரே நாளில் எல்லா எழுத்தும் கற்பித்துவிட்டு, ஆதியாகமம் முதல் வசனத்தில் வாசிப்பைத் தொடங்குவார். (அவர்களுக்கு 26 எழுத்து. நமக்கு 247. இதில் என்னை யாரும் அவரோடு ஒப்பிட வேண்டாம்.) ஒரு வயதுப் பிள்ளையைப் பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கினதையும் அவரே எழுதியிருக்கிறார். அதை நான் பின்பற்றவில்லை, பின்பற்றவும் மாட்டேன். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவர் 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது.

கணவர் லண்டனுக்குப் போயிருந்தார். குளிர்காலம். மூத்த மகள் எமிலி, தகப்பனாருடைய படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தாள். தாய் அதை முன்பு பார்த்ததில்லை. வாசித்துக் காட்டு என்றார். மகள் வாசித்தாள், தாய் கேட்டார். அது என்ன புத்தகம் தெரியுமா? டென்மார்க் ராஜா அனுப்பின மிஷனெரிகள் நம் தரங்கம்பாடியில் செய்த ஊழியத்தைப் பற்றின புத்தகம்! 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்க் ஐயரும் புளுச்சோ ஐயரும்தான் அந்த மிஷனெரிகள். சீகன்பால்க் ஐயர் நம் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. அவர் ஊருக்கு எழுதின கடிதங்கள் 1709-ல் ஆங்கிலத்தில் லண்டனில் வெளியாகி, எப்படியோ எப்வொர்த் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்திருந்தன.

அந்தப் புத்தகம் பிள்ளை வளர்ப்புப் புத்தகம் அல்ல. சமையலுக்கோ பாடத்துக்கோ உதவுகிற புத்தகமும் அல்ல. அவர் ஒருநாளும் பார்க்கப் போகாத ஒரு கடற்கரையைப் பற்றினது. ஆனால் தன்னை எதுவும் இவ்வளவு அசைத்ததில்லை என்று எழுதுகிறார். பல நாள் வேறெதையும் நினைக்க முடியவில்லையாம். தான் ஆண்பிள்ளையும் அல்ல, ஊழியக்காரனும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாக ஏதாவது செய்ய முடியுமே என்று யோசித்து, தன் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி. அந்த ஜாக்கிதான் ஜான் வெஸ்லி, அப்போது எட்டு வயது. பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய கல்விமானாக இருந்தபோது, அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தை எனக்குத் தரமாட்டீர்களா என்று தாய்க்குக் கடிதம் எழுதினார் அவர்.

ஞாயிறு மாலைகளில் அந்தத் தாய் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் பிரசங்கப் புத்தகம் வாசித்துக் காட்ட, அக்கம்பக்கத்தார் வந்து சேர்ந்து, இருநூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஒரு பெண் இப்படிச் செய்யலாமா, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லேன் என்று கணவர் எழுதினார். அதற்கு அம்மையார் பதில் எழுதினார்: இங்கே வருகிற ஆண்களில் எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லையே! இதைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்தேன்.

இந்தச் சம்பவம் என் வாதத்தையெல்லாம் கலைத்துவிட்டது. அந்தப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னபோது, இது என் பிள்ளைகளுக்கு உதவும் என்று கணக்குப் பார்த்தா அவர் திறந்தார்? மகள் கையில் புதுப் புத்தகம் இருந்தது, அது என்னவென்று கேட்டார், அவ்வளவுதான். உதவுகிற வாசிப்பு, உதவாத வாசிப்பு என்று முன்கூட்டியே தராசில் வைக்கிற நான், அந்த அறையில் இருந்திருந்தால், "எமிலி, அதை வெச்சுட்டுப் போய்த் துணியைத் தை" என்று சொல்லியிருப்பேன்.

போன வருஷத்திலிருந்து எங்கள் வீட்டிலும் மாலைகளைப் பிரித்திருக்கிறோம். எனக்கு மூன்றே பிள்ளைகள், ஆகவே திங்கள், புதன், சனி. புதன்கிழமை நடுவானவனுடையது. அன்றைக்குப் புத்தகத்தை அலமாரிக்கு மேலே வைத்துவிடுவேன், கை எட்டாத உயரத்தில். மத்தியானம் இரண்டு முதல் மூன்று மணி வரை அம்மா வாசிக்கிற நேரம். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வாசிக்கலாம், அல்லது தூங்கலாம், ஆனால் கூப்பிடக்கூடாது, இரத்தம் வந்தால் ஒழிய. முதல் வாரம் சின்னவள் மூன்று தடவை வந்து, "இரத்தம் வரலைம்மா" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனாள். தப்பித்துப் போகிற வாசிப்பு முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் இன்னும் அந்த ஊருக்குப் போகத்தான் செய்கிறேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்துவிடுகிறேன்.

திங்கள்கிழமை மூத்தவளுடையது. அன்றைக்குத்தான் மாவரைக்கிற வேலையும் வரும். கிரைண்டர் ஓடும்போது அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தனக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். சத்தத்துக்கு மேலே கத்தி வாசிக்க வேண்டும். பாதி காதில் விழாது, "என்ன, என்ன?" என்று கேட்பேன், திரும்ப வாசிப்பாள். மாமியார் உள் அறையிலிருந்து, "அப்புறம் என்ன ஆச்சுன்னு சத்தமா சொல்லு புள்ள" என்பார்கள்.

அவளுக்குப் பதினாலு வயது முடிந்துவிட்டது. வருகிற ஏப்ரலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள். தமிழும் ஆங்கிலமும் பயமில்லை. கணக்குதான். உங்கள் ஜெபங்களில் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.